ஒரே இனம், இரண்டு நோய்: நெல் இலைக்கருகலும் இலைக்கீற்றும்

நோய் விழுந்த நெல் இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நுனியிலோ ஓரத்திலோ தொடங்கிய மஞ்சள், அலை அலையான விளிம்போடு அடிப்பக்கம் இறங்கி, பின்னாலேயே வைக்கோல் நிறமாகக் காய்ந்துகொண்டு வந்தால் அது பாக்டீரியா இலைக்கருகல். நரம்புகளுக்கு நடுவே ஊசியால் கிழித்ததுபோல் மெல்லிய கோடுகள் ஓடி, அந்தக் கோடுகளின் வழியே வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் அது பாக்டீரியா இலைக்கீற்று. முற்றிய நிலையில் இரண்டு இலைகளும் ஒரே மாதிரி காய்ந்துவிடும். அப்போது கண்ணால் பிரிக்க முடியாது. நோய் தொடங்கிய முதல் வாரத்தில் பார்த்தால்தான் உண்டு.

இரண்டுக்கும் காரணம் ஒரே பாக்டீரியா இனம்: சாந்தோமோனாஸ் ஒரைசே. அதற்குக் கீழே இரண்டு பிரிவுகள். கருகலை உண்டாக்குவது பாத்தோவார் ஒரைசே, கீற்றை உண்டாக்குவது பாத்தோவார் ஒரைசிகோலா. பாத்தோவார் என்பதும் துணையினம் என்பதும் ஒன்றல்ல. துணையினத்துக்குப் பாக்டீரியப் பெயரிடல் விதிகள் உண்டு. மரபணு, உயிர்வேதியியல் சான்றுகள் வேண்டும். பாத்தோவாருக்கு 1980இல் தாவர நோயியலாளர்கள் தனியாக வகுத்த நெறிகள்தான். எந்தப் பயிரில் என்ன அறிகுறி என்பதே அதன் அடிப்படை. நெல்லைப் பொறுத்தவரை இந்த இரு பாத்தோவார்களின் வேறுபாடு வெறும் அறிகுறி வேறுபாடாக நிற்கவில்லை. உள்ளே நுழையும் வழி, தங்கும் இடம், உண்ணும் பொருள், செடியில் திறக்கும் மரபணு என எல்லாமே மாறுகின்றன.

இந்தப் பெயரும் லேசில் வந்து சேரவில்லை. ஜப்பானின் ஃபுகுவோகா பகுதி உழவர்கள் 1884 வாக்கிலேயே கருகல் நோயைக் கவனித்தார்கள். 1922இல் கிருமிக்கு சூடோமோனாஸ் என்ற பேரினப் பெயர் சூட்டப்பட்டது, 1943இல் சாந்தோமோனாஸ் ஆயிற்று. 1978இல் கேம்பெஸ்ட்ரிஸ் என்ற பெரிய இனத்துக்குள் ஒரு பாத்தோவாராக அடைத்தார்கள். 1990இல்தான் ஒரைசே தனி இனமாக வெளியே வந்தது. பழைய கட்டுரைகளைத் தேடும்போது நான்கு பெயரிலும் தேட வேண்டும். இல்லாவிட்டால் இந்தியாவில் 1950களில் மகாராஷ்டிரத்தில் நோய் பதிவானதும், 1963இல் பீகாரில் அது பெரும் சேதம் செய்ததும் உங்கள் தேடலில் சிக்காது.

நுழைவாயிலில் தொடங்குவோம். விடியற்காலையில் நெல் இலை நுனியிலும் ஓரத்திலும் முத்து முத்தாக நீர் நிற்குமே, அந்த நீர் கசியும் துளைகள்தான் பாத்தோவார் ஒரைசேயின் வாசல் (இனி ஒரைசே என்று மட்டும் சொன்னால் கருகலை உண்டாக்கும் இந்தப் பாத்தோவாரையே குறிக்கும்). இரவில் கசிந்த நீரில் பாக்டீரியா மிதக்கும். வெயில் ஏறும்போது நீர் உள்ளே இழுக்கப்பட, கூடவே அதுவும் போய்விடும். அங்கிருந்து நேரே சைலம் என்ற நீர்க்குழாய். குழாயில் பெருகுவதால்தான் கருகல் நீளமாக இறங்குகிறது. காயமும் வாசல்தான். முதிர்ந்த நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் பழக்கம், நாற்று முடிக்கு முடி வாசலைத் திறந்துவைப்பதற்குச் சமம். அப்படி நுழைந்தால் நட்ட ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் தூரோடு வாடிப்போகும். இதைக் கிரெசெக் என்கிறார்கள். இந்தோனேசியாவிலிருந்து வந்த சொல். தண்டு துளைப்பான் தாக்கிய குருத்து என்று இதைத் தவறாக எண்ணுவது அடிக்கடி நடக்கிறது. துளைப்பான் தின்ற குருத்து இழுத்தால் கையோடு வரும், அடியில் புழு தின்ற தடம் இருக்கும். கிரெசெக் குருத்து அப்படி எளிதில் வராது. அடித்தண்டை வெட்டி விரலால் அழுத்தினால் மஞ்சள் கலந்த பிசுபிசுப்பான நீர் வரும்.

ஒரைசிகோலா நுழைவது இலைத்துளை வழியே. அது நரம்புகளுக்கு நடுவே இருக்கும் மென்திசுவின் இடைவெளிகளில் தங்கிப் பெருகுகிறது, குழாய்க்குள் போவதில்லை. நரம்பு இருபுறமும் சுவர்போல் நிற்பதால் நோய் கோடாக ஓடுகிறது. கீற்றின் மேல் சின்னச் சின்ன மஞ்சள் மணிகளாகக் கசிவு காய்ந்து நிற்கும். குழாய்க்குள் போகும் திறமைக்கு என்ன காரணம் என்பதில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு முக்கியமானது. செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி ஒன்றுக்கான மரபணு, குழாயில் வாழும் சாந்தோமோனாஸ்களில் இருக்கிறது. குழாய்க்குள் போகாத, கோதுமை வகைப் பயிர்களைத் தாக்கும் ஓர் உறவுக்காரக் கிருமிக்குள் அந்த ஒற்றை மரபணுவைச் செலுத்தியதும் அது குழாய் வழியே நகரத் தொடங்கிவிட்டது. ஓர் இனத்துக்குக் கீழே இருக்கும் வேறுபாடு எவ்வளவு சிறிதாக இருந்து எவ்வளவு பெரிதாக வெளிப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வயலிலேயே செய்துபார்க்க ஒரு சோதனை உண்டு. பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் இலையைக் கத்தரித்து, வெட்டுமுனையைக் கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில் தொங்கவிடுங்கள். பாக்டீரியா நோய் என்றால் சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து புகைபோல் வெள்ளை இழை இறங்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நீர் கலங்கியிருக்கும். முழுக்கக் காய்ந்த பகுதியை வெட்டினால் ஒன்றும் வராது, அதை வைத்து நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பொட்டாஷ் குறைவாலோ உப்பாலோ கருகிய இலையில் இந்த இழை வராது. இந்தச் சோதனை பாக்டீரியாவா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும், எந்தப் பாத்தோவார் என்பதைச் சொல்லாது.

அதற்கு ஆய்வகம் போக வேண்டும். நோய் முன்னேறும் விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் துண்டு எடுத்து, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் முக்கி, நுண்ணுயிர் நீக்கிய நீரில் மூன்று முறை அலச வேண்டும். பிறகு சில துளி நீரில் நறுக்கி 15 முதல் 30 நிமிடம் விட்டால் பாக்டீரியா வெளியே வரும். அந்த நீரைப் பெப்டோன் சுக்ரோஸ் அகார் என்ற வளர்ப்பு ஊடகத் தட்டின் மேல் கோடாக இழுத்துப் பரப்ப வேண்டும். ஒரு லிட்டருக்குப் பெப்டோன் 10 கிராம், சுக்ரோஸ் 10 கிராம், குளுட்டமிக் அமிலம் 1 கிராம், அகார் 16 கிராம், அமில காரத்தன்மை 7ஐ ஒட்டி. வளர்ப்பு வெப்பநிலை 28 டிகிரி.

பிழை நேர்வது இங்கேதான். அடுத்த நாள் காலையில் பளபளவென்று மஞ்சள் கூட்டங்களைப் பார்த்ததும் கிருமி கிடைத்துவிட்டது என்று எடுத்துவிடுகிறார்கள். ஒரைசே அவ்வளவு வேகமாக வளராது. கண்ணுக்குத் தெரியும் கூட்டம் வர மூன்று நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும். 24 மணி நேரத்தில் வந்த மஞ்சள் பெரும்பாலும் பேண்டோயா. நெல் இலையில் குடியிருக்கும் அந்தப் பாக்டீரியாவும் மஞ்சள், சில வகைகள் தாமே இலைக்கருகலையும் உண்டாக்கும். எனவே நிறத்தை நம்பாமல், முதல் நாள் வந்த கூட்டங்களைத் தட்டின் அடியில் பேனாவால் குறித்து ஒதுக்கிவிட்டு, நான்காம் நாள் வரும் வெளிர்மஞ்சள், உருண்டை, வழுவழுப்பான கூட்டத்தை எடுக்க வேண்டும். நீர்க்கலவையைப் பத்துப் பத்தாக நீர்த்து மூன்று நான்கு தட்டுகளில் இழுத்தால் பேண்டோயா மூடிவிடாமல் இடம் கிடைக்கும்.

சுத்தமான கூட்டம் கையில் இருந்தால் இரண்டு பாத்தோவார்களையும் பிரிக்கப் பழைய உயிர்வேதியியல் சோதனைகள் இன்றும் உதவும். எல்-அலனைன் என்ற அமினோ அமிலம் மட்டுமே கரிம உணவாக உள்ள ஊடகத்தில் ஒரைசிகோலா வளரும், ஒரைசே வளராது. வைட்டமின் நீக்கிய கேசமினோ அமிலம் 0.2 சதவீதம் கொடுத்தாலும் அதே விடைதான். அசிட்டாயினை ஒரைசிகோலா உண்டாக்கும், ஒரைசே உண்டாக்காது. தாமிர நைட்ரேட்டில் விடை தலைகீழ்: 0.001 சதவீதம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம் இருந்தால் ஒரைசே தாங்கும், ஒரைசிகோலா தாங்காது. ஒன்றை மட்டும் செய்து முடிவு சொல்லக் கூடாது. முந்தைய ஊடகத்தின் பெப்டோன் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலே அலனைன் தட்டில் பொய்யான வளர்ச்சி தெரியும். செல்களை உப்புநீரில் இருமுறை கழுவி இடுவதும், கரிம உணவே இல்லாத ஒரு தட்டைப் பக்கத்தில் வைப்பதும் கட்டாயம். 2010இல் இரண்டின் மரபணுத் தொகுதிகளையும் ஒப்பிட்டு உருவாக்கிய மல்டிபிளெக்ஸ் பிசிஆர், அதாவது பல டிஎன்ஏ துண்டுகளை ஒரே குழாயில் பெருக்கிக் காட்டும் சோதனை, வந்த பிறகு வேலை ஒரே நாளில் முடிகிறது. ஆனாலும் பிசிஆர் செத்த கிருமியையும் காட்டும். நோய் உண்டாக்குகிறதா என்பதற்குச் செடியில் ஏற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

செடியில் ஏற்றும் முறையிலும் பாத்தோவார் வேறுபாடு பிடித்து இழுக்கிறது. ஒரைசேக்கு 1973இலிருந்து நடைமுறையில் இருப்பது இலைநுனி கத்தரிப்பு. மூன்று நாள் வளர்ந்த கிருமியை நீரில் கலந்து மில்லிலிட்டருக்கு 10 கோடி முதல் 100 கோடி செல் இருக்கும்படி செய்து, கத்தரிக்கோலை அதில் நனைத்து, தூர் கட்டும் பருவத்தில் இலைநுனியில் 2 சென்டிமீட்டர் வெட்டுவார்கள். செடிக்கு ஐந்து இலை. 14ஆம் நாள் கருகலின் நீளத்தை அளப்பார்கள். 5 சென்டிமீட்டருக்குள் நின்றால் எதிர்ப்பு, 15ஐத் தாண்டினால் எதிர்ப்பே இல்லை என்பது பலரும் கொள்ளும் அளவு. நீரில் மட்டும் நனைத்து வெட்டிய செடியும், டைச்சுங் நேட்டிவ் 1 போன்ற தாங்காத ரகமும் அதே தொட்டி வரிசையில் இருக்க வேண்டும். டைச்சுங் நேட்டிவ் 1இல் கருகல் நீளவில்லை என்றால் அன்றைய சோதனை முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். உங்கள் ரகம் நல்ல ரகம் என்று பொருளல்ல, உங்கள் கிருமி வீரியம் இழந்துவிட்டது என்று பொருள். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் வீரியம் குறையும். முதலில் பிரித்த அன்றே 15 முதல் 20 சதவீத கிளிசராலில் கலந்து மைனஸ் 80 டிகிரியில் பல குப்பிகளாக வைத்துவிட்டு, ஒவ்வொரு சோதனைக்கும் புதுக் குப்பி திறப்பதே சரி.

இதே கத்தரிக்கோலை ஒரைசிகோலாவுக்குப் பயன்படுத்தினால் நோய் வெட்டுமுனையிலேயே நின்றுவிடும், ரகம் எதிர்ப்புள்ளது என்று தவறாக எழுதிவிடுவீர்கள். அது குழாயில் நகராத கிருமி. வெட்டிய குழாய் அதற்கு வழியல்ல. ஊசி இல்லாத சிரிஞ்சை இலையின் அடிப்புறம் வைத்து அழுத்தி உட்செலுத்துவதோ, ஈரப்பதம் மிகுந்த அறையில் தெளிப்பதோதான் முறை. சில நாட்களில் அந்த இடம் நீர் ஊறியதுபோல் தெரியும். கீற்றின் நீளத்தை இரண்டு வாரத்துக்குள் அளக்கலாம்.

இனி உள்ளே நடப்பது. இரண்டு பாத்தோவார்களும் டேல் என்ற புரதங்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகின்றன. அவை செல்லின் உட்கருவுக்குப் போய், குறிப்பிட்ட மரபணுவின் முன்பகுதியான புரோமோட்டரில் அமர்ந்து அந்த மரபணுவை முடுக்கிவிடும். டேல் புரதத்தில் ஏறத்தாழ 34 அமினோ அமிலம் கொண்ட துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு துண்டின் 12, 13ஆம் இடங்களும் டிஎன்ஏவின் ஓர் எழுத்தைப் படிக்கும். இந்தக் குறியீட்டை 2009இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. சாவியின் பல்லைப் பார்த்தே எந்தப் பூட்டைத் திறக்கும் என்று சொல்ல முடிகிற அளவுக்கு இன்று நோயியல் வந்துவிட்டது அதனால்தான்.

ஒரைசே திறக்கும் பூட்டுகள் ஸ்வீட் என்ற சர்க்கரை கடத்தும் மரபணுக்கள்: 11, 13, 14. திறந்ததும் குழாயருகே சர்க்கரை கசிகிறது, கிருமி பெருகுகிறது. ஒரைசிகோலா இவற்றை நம்பி வாழ்வதில்லை. அதன் முக்கிய டேல்களில் ஒன்று சல்ஃபேட் கடத்தும் மரபணு ஒன்றை முடுக்குவது 2014இல் தெரியவந்தது. ஒரே இனத்தின் இரு பிரிவுகள், ஒரே வகைக் கருவி, திறக்கும் அறை வேறு.

செடியின் பக்கத்திலும் துணையின வேறுபாடு உண்டு. நெல்லில் இண்டிகா, ஜப்போனிகா என்று 1928இல் ஜப்பானிய ஆய்வாளர் கட்டோ பிரித்தார். உமியை ஃபீனாலில் ஊறவைத்தால் இண்டிகா பெரும்பாலும் கறுக்கும், ஜப்போனிகா பெரும்பாலும் கறுக்காது. இன்றும் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் எளிய சோதனை அது. இந்தத் துணையின வேறுபாடு கிருமியின் வேறுபாட்டோடு மோதும் இடம் ஸ்வீட் 13. பிடிஎச்எக்ஸ்ஓ2 என்ற டேல், ஐஆர் 24 போன்ற இண்டிகா ரகத்தின் ஸ்வீட் 13 புரோமோட்டரில் அமரும். நிப்பன்பாரே போன்ற ஜப்போனிகாவில் அதே இடத்தில் எழுத்து சற்று மாறியிருப்பதால் அமர முடியாது. யாரும் வளர்த்தெடுக்காத எதிர்ப்பு ஒன்று ஜப்போனிகாவுக்குள் சத்தமில்லாமல் இருந்திருக்கிறது, 2015இல்தான் வெளிப்பட்டது. பிறகு ஆசியக் கிருமிகளைத் துருவியபோது, ஜப்போனிகாவின் எழுத்தையும் படிக்கும்படி மாறிய அதே டேலின் வேறு வடிவங்களும் கிடைத்தன. ஆகவே "ஜப்போனிகாவுக்கு எதிர்ப்பு உண்டு" என்ற வாக்கியம் அரைகுறை. எந்தக் கிருமிக்கு எதிராக என்று சேர்த்தே சொல்ல வேண்டும்.

எதிர்ப்பு மரபணுக்களையும் இதே கண்ணோடு பார்த்தால் ஒவ்வொன்றின் எல்லையும் புரியும். எக்ஸ்ஏ13 என்பது ஸ்வீட் 11இன் புரோமோட்டர் மாறிய வடிவம். பூட்டு மாறியதால் பிடிஎச்எக்ஸ்ஓ1 என்ற சாவி வேலை செய்யாது. அந்தச் சாவியை நம்பியிருக்கும் கிருமிக்கு எதிராக மட்டும் பலன். ஸ்வீட் 11 மரபணுவையே முடக்கிவிடலாமே என்றால், மகரந்த வளமும் மணி நிரம்புவதும் கெடலாம். புரோமோட்டரில் மட்டும் கைவைப்பதற்குக் காரணம் அதுதான். எக்ஸ்ஏ5 வேறு வழி: டேல்கள் பற்றிக்கொள்ளும் செடிப் புரதம் ஒன்றில் 39ஆம் இடத்து வாலின் குளுட்டமேட்டாக மாறியிருக்கிறது, பிடி தளர்கிறது. பல கிருமிகளுக்கு எதிராக உதவும், பிடிஎச்எக்ஸ்ஓ1 உள்ளவை தப்பிவிடும். இவை இரண்டும் ஒடுங்கு மரபணுக்கள். இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் எதிர்ப்பு தெரியும். எக்ஸ்ஏ21 ஆப்பிரிக்கக் காட்டு நெல்லான ஒரைசா லாஞ்சிஸ்டமினாட்டாவிலிருந்து வந்த ஓங்கு மரபணு, 1995இல் பிரித்தெடுக்கப்பட்டது. கிருமி வெளிவிடும் சிறு புரதம் ஒன்றைச் செல்லின் மேற்பரப்பிலேயே இனங்காணும். அகன்ற எதிர்ப்பு, ஆனால் நாற்றுப் பருவத்தில் பலவீனம். இது மட்டும் உள்ள ரகத்தில் கிரெசெக் வந்தால் வியப்பதற்கில்லை.

மூன்றையும் ஒன்றாகச் சேர்த்ததன் காரணம் இப்போது விளங்கும். நம்மூரில் பிபிடி என்று சொல்லும் சம்பா மசூரி, அதாவது பிபிடி 5204, கருகலுக்கு எளிதில் இரையாகும் ரகம். ஹைதராபாத்தின் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் செல், மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து இந்த மூன்று மரபணுக்களையும் அதற்குள் கொண்டுவந்து 2008இல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியாக வெளியிட்டன. மரபணு மாற்றம் எதுவும் செய்யவில்லை. மார்க்கர், அதாவது மரபணு வந்திருப்பதைச் சுட்டும் டிஎன்ஏ அடையாளம், பார்த்துத் திரும்பத் திரும்பக் கலப்புச் செய்ததுதான். எக்ஸ்ஏ21க்கு பிடிஏ248 என்ற மார்க்கர்: எதிர்ப்பு வடிவம் சுமார் 1000 எழுத்து நீளத் துண்டு, தாங்காத வடிவம் 700 சொச்சம். இது மரபணுவுக்கு மிக அருகில் இருக்கும் மார்க்கர்தான், மரபணுவே அல்ல. அரிதாக மார்க்கர் வந்து மரபணு வராமல் போகலாம். எனவே தேர்வின் முடிவில் கத்தரிப்புச் சோதனையும் செய்தாக வேண்டும். எக்ஸ்ஏ13க்கான மார்க்கர் புரோமோட்டர் மாற்றத்தையே படிப்பதால் அந்தக் கவலை இல்லை. கருகலுக்காகச் சேர்த்த இந்த மரபணுக்களில் எக்ஸ்ஏ5 மட்டும் கீற்று நோயையும் ஓரளவு தணிக்கும். டேல்கள் பிடிக்கும் பொதுவான புரதம் அது என்பதை நினைத்தால் காரணம் தெரியும்.

ஆய்வுக் கட்டுரைகளில் "இனம் 1", "இனம் 6" என்று வரும் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே இனம் என்பது மேலே சொன்ன ஸ்பீசிஸ் அல்ல, பாத்தோவாருக்கும் கீழே வரும் ரேஸ் என்ற பிரிவு. அவை ஒரு குறிப்பிட்ட ரகத் தொகுப்பில் கிருமி எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்து இட்டவை. பிலிப்பைன்ஸ் எண்ணும் ஜப்பான் எண்ணும் இந்திய எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஐஆர் 24இல் ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவை மட்டும் தனித்தனியே வைத்து உருவாக்கிய ஐஆர்பிபி வரிசை ரகங்களில் ஏற்றிப் பார்த்து, எந்த மரபணு தோற்றது என்று எழுதினால்தான் இன்னொரு நாட்டார் அதைப் படித்துப் பயன்படுத்த முடியும்.

கண்டத்துக்குக் கண்டமும் கிருமி மாறுகிறது. பிஎக்ஸ்ஓ 99ஏ என்ற பிலிப்பைன்ஸ் கிருமியில் 19 டேல்கள். ஆப்பிரிக்கக் கிருமிகளில் எட்டு, ஒன்பதுதான். அவை ஸ்வீட் 14ஐ மட்டுமே குறிவைக்கும். எக்ஸ்ஏ1 வகை எதிர்ப்பை அமுக்கும் குட்டை டேல்களும் அவற்றில் இல்லை. எனவே ஆசியாவில் தோற்ற எக்ஸ்ஏ1 ஆப்பிரிக்காவில் செல்லுபடியானது. 2019இல் தான்சானியாவின் மொரோகோரோ பகுதியில் வந்த கருகல் இந்தக் கணக்கைக் குலைத்தது. அங்கே பிரித்த கிருமிகள் மரபணு அளவில் ஆசியக் கிருமிகளுக்கு உறவு. ஸ்வீட் 11ஐத் திறக்கும் சாவியும், எக்ஸ்ஏ1ஐ அமுக்கும் குட்டை டேல்களும் அவற்றிடம் இருந்தன. இனத்தின் பெயரை மட்டும் எழுதும் அறிக்கையில் இது "ஆப்பிரிக்காவில் ஏற்கெனவே உள்ள நோய்" என்றே பதிவாகியிருக்கும். ஆய்வாளர்கள் கோம்போகா என்ற கிழக்கு ஆப்பிரிக்க ரகத்தில் ஸ்வீட் 11, 13, 14 மூன்றின் புரோமோட்டர்களையும் மரபணுத் திருத்தம் செய்து, ஆசிய, ஆப்பிரிக்கக் கிருமிகள் இரண்டையும் தாங்கும் வரிசைகளை உருவாக்கி 2023இல் வெளியிட்டார்கள்.

வயலில் செய்வதற்கு வந்தால், இரண்டு நோய்க்கும் பூஞ்சாணக்கொல்லி வீண்செலவு. இலை காய்ந்ததும் கடைக்காரர் கொடுக்கும் டிரைசைக்ளசோலும் கார்பென்டாசிமும் பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துக் கொடுப்பது, நோய் தெரிந்தவுடன் அடுத்த மேலுரத்தில் யூரியாவை நிறுத்திப் பொட்டாஷை மட்டும் இடுவது, நோய் வந்த வயலின் வடிநீரை அடுத்த வயலுக்கு விடாதது, பனி உலரும் முன் வயலுக்குள் நடக்காதது, வரப்பிலும் வாய்க்காலிலும் கிருமி தங்கும் லீர்சியா புல்லை அழிப்பது ஆகியவை பலன் தருபவை. பசுஞ்சாணக் கரைசலைத் தெளிய வைத்து வடிகட்டித் தெளிப்பதை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகளும் சொல்கின்றன. அது முதல் அறிகுறியிலேயே தொடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி தெளித்தால்தான் உதவும். இலை பாதி காய்ந்த பிறகு அல்ல.

மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் பாலித்தீன் பையில் ஈரத்தோடு அடைக்க வேண்டாம்; இரண்டு நாளில் பேண்டோயாவும் பூஞ்சையும் எல்லாவற்றையும் மூடிவிடும். செய்தித்தாளில் மடித்து நிழலில் உலர்த்தி, காகித உறையில் வைத்து, ரகம், நட்ட தேதி, எந்தப் பருவத்தில் நோய் தெரிந்தது, நுனியில் தொடங்கியதா நரம்பிடையில் தொடங்கியதா என்ற நான்கையும் உறைமேல் எழுதி அனுப்புங்கள்.